திரையை அணைத்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்: பார்வையற்றோருக்கான இசை மென்பொருள், முதல் பதிவு வரை

பென்னாகரத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். பிறவியிலேயே பார்வையில்லாதவன், ஊர் பஜனைக் குழுவில் டோலக் வாசிக்கிறான். "அண்ணா, பழைய லேப்டாப் ஒண்ணு கெடச்சிருக்கு. பாட்டு ரெக்கார்ட் பண்ண எதைப் போடட்டும்?" என்று கேட்டான். அன்று ஒரு மணி நேரம் பேசினோம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். திரைவாசிப்பானில், அதாவது திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் மென்பொருளில், கேட்பவர்களுக்காக எழுதியது, அதனால் படம் எதுவும் வைக்கவில்லை. வீட்டில் யாராவது படித்துக் காட்டினாலும் சரி.

எனக்கும் பார்வை கிடையாது. காரிமங்கலத்தில் இருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு கணினி மையத்தில் சேர்ந்தபோது, சினிமாக்காரர்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி ஒரு பிரபலமான மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார்கள். திறந்ததும் திரைவாசிப்பான் அதன் பெயரை மட்டும் சொன்னது. அதற்குப் பிறகு எந்த விசையைத் தட்டினாலும் சத்தமே இல்லை. மூன்று மாதம் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து "அதைக் கிளிக் பண்ணுங்க, இதை இழுங்க" என்று சொல்லிக்கொண்டே கழித்தேன். இந்த வேலை எனக்கு ஆகாது என்றே முடிவு செய்துவிட்டேன். வேறு ஒரு மென்பொருள் கைக்கு வந்த அன்று, முதல் நாளே தனியாக ஒரு பாட்டைப் பதிந்து முடித்தேன். புதிதாக வருகிற யாருக்கும் அந்த மூன்று மாதம் வீணாகக் கூடாது.

காரணம் எளிமையானது. திரைவாசிப்பானுக்குக் கண் இல்லை. "இது பொத்தான், இதன் பெயர் பதிவு, இப்போது அழுத்தப்பட்டிருக்கிறது" என்று மென்பொருள் விண்டோஸிடம் எழுத்தாகச் சொல்லிவைத்தால்தான் அது நமக்குப் படித்துக் காட்டும். இசை மென்பொருள்கள் பலவற்றில் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு, நழுவி (ஸ்லைடர்), ஒலியின் அலைவடிவம் எல்லாம் வெறும் ஓவியமாக வரையப்பட்டிருக்கும். ஓவியத்தில் படிக்க எழுத்து இல்லை.

முதல் படி: பேச்சையும் இசையையும் பிரித்து வையுங்கள்

கணினியில் இன்னும் திரைவாசிப்பான் இல்லையென்றால், கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸோடு வரும் நாரேட்டர் பேச ஆரம்பிக்கும். அதன் துணையோடு என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பானை இறக்கி நிறுவுங்கள். இலவசம்தான். 2006 இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கியது, அவரும் பார்வையற்றவர். தமிழிலும் பேசும். ஆனால் இசை மென்பொருளின் பட்டியல்கள் (மெனு) ஆங்கிலத்தில் இருப்பதால், பதிவு வேலையின்போது ஆங்கிலக் குரலையே வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் கம்பி வைத்த ஹெட்போன் ஒன்று கட்டாயம் வேண்டும். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே பதிந்தால், பாட்டின் நடுவே என்விடிஏ பேசுவதும் மைக்கில் ஏறிவிடும். ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வரும். ஏற்கெனவே பதிந்த பாட்டைக் கேட்டபடி தாளம் போடும்போது அந்தத் தாமதம் தாளத்தையே கெடுக்கும்.

அடுத்தது பலரும் தடுமாறும் இடம். என்விடிஏவில் ஒரு வசதி உண்டு: அது பேசும்போது மற்ற ஒலிகளைத் தானாகக் குறைக்கும். அன்றாட வேலைக்கு நல்லதுதான். பாட்டின் ஒலியளவைச் சரிசெய்யும்போது இது இருந்தால், குறைத்தது நீங்களா என்விடிஏவா என்று தெரியாமல் குழம்புவீர்கள். என்விடிஏ விசை, ஷிஃப்ட், டி (D) மூன்றையும் அழுத்த அழுத்த நிலை மாறும். "நோ டக்கிங்" என்று சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். என்விடிஏ விசை என்பது இன்செர்ட்.

இரண்டாம் படி: திரையை மூடி ஐந்து நிமிடச் சோதனை

யார் எந்த மென்பொருளைப் பரிந்துரைத்தாலும், நான் சொல்வதையும் சேர்த்துத்தான், முதலில் இந்தச் சோதனையில் போட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கற்றுத் தருபவர் பார்வையுள்ளவர் என்றால் அவரையே செய்யச் சொல்லுங்கள். என்விடிஏ விசை, கண்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும், பேச்சு மட்டும் இருக்கும். ஐபோனில் அதன் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் ஓடும்போது மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் அதேபோல ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கற்றுத் தருபவரின் பேச்சே மாறிவிடும், நான் கண்டிருக்கிறேன்.

மென்பொருளைத் திறந்து ஆல்ட் விசையைத் தட்டுங்கள். பட்டியல்கள் ஒவ்வொன்றாகப் பெயரோடு வர வேண்டும். பிறகு டேப் அடித்துக்கொண்டே போங்கள். "ரெக்கார்ட் பட்டன், ப்ளே பட்டன்" என்று வந்தால் நல்லது. "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் வந்தால் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். எதுவுமே வரவில்லை என்றால் அங்கேயே மூடிவிடுங்கள், வேறு தேடலாம்.

பேசுகிறது என்றால் வேலையைக் கொடுங்கள். பத்து விநாடி எதையாவது பாடிப் பதியுங்கள். பதிவு ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதில் நடுவே மூன்று விநாடியை வெட்டி எறியுங்கள். கடைசியாக வேறொருவருக்கு அனுப்பக்கூடிய கோப்பாக வெளியே எடுங்கள். பதிவது எல்லாவற்றிலும் எப்படியோ நடந்துவிடும். வெட்டுவதில்தான் பல மென்பொருள்கள் தோற்கும், ஏனென்றால் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுப்பதை மட்டுமே நம்பி அவற்றைச் செய்திருப்பார்கள்.

மூன்றாம் படி: ஆடாசிட்டியில் தொடங்குங்கள்

முதல் மென்பொருளாக நான் சொல்வது ஆடாசிட்டி. 2000 இல் வெளிவந்தது, இன்றும் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், விசைப்பலகையாலேயே ஏறக்குறைய எல்லாம் செய்யலாம்.

வீட்டில் பாட்டி இருந்தால் அவர் பாடும் தாலாட்டையோ நடவுப் பாட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை, பாட்டும் பத்திரமாகும்.

ஆர் விசையைத் தட்டினால் பதிவு தொடங்கும். முதல் ஐந்து விநாடி யாரும் பேசாமல் சும்மா இருங்கள், காரணம் பிறகு வரும். பாடி முடித்ததும் ஸ்பேஸ் பார், பதிவு நிற்கும். ஹோம் விசையால் தொடக்கத்துக்குப் போய் மறுபடி ஸ்பேஸ் பார் தட்டினால் கேட்கலாம்.

வெட்ட வேண்டுமா? ஒவ்வொரு பதிவும் ஒரு ட்ராக், அதாவது தனி ஒலி வரிசை. மேல் கீழ் அம்புக்குறியால் அந்த ட்ராக்குக்குப் போங்கள். அது தேர்வாகவில்லை என்றால் என்டர் தட்டித் தேர்ந்தெடுங்கள். பாட்டை ஓடவிடுங்கள். வேண்டாத இடம் தொடங்கும்போது இடது சதுர அடைப்பு விசையையும், முடியும்போது வலது சதுர அடைப்பு விசையையும் தட்டி, ஸ்பேஸ் பாரால் நிறுத்தி டெலிட் அழுத்துங்கள். காதால் கேட்டே வெட்டுகிறோம். தப்பாகிவிட்டால் கண்ட்ரோல் இசட், பயப்பட ஒன்றுமில்லை.

மேலே டோலக் சேர்க்க வேண்டும் என்றால் ஹோம் அழுத்தி, ஷிஃப்ட் ஆர் தட்டுங்கள். பாட்டு ஹெட்போனில் ஓடும், நீங்கள் வாசிப்பது புது ட்ராக்கில் ஏறும்.

இனி அந்த ஐந்து விநாடி. எங்கள் வீடு சேலம் பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் பக்கம், லாரிச் சத்தம் ஓயாது. அதோடு மின்விசிறி வேறு. பாட்டி பாடுவதற்கு முன் இருந்த அந்த வெற்று இரைச்சலை மட்டும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியலில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போய், "கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்" கொடுங்கள். இரைச்சல் எப்படி இருக்கும் என்று மென்பொருள் தெரிந்துகொள்ளும். பிறகு கண்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்து, மறுபடி அதே இடத்துக்குப் போய் ஓகே. விசிறிபோலச் சீராக வரும் இரைச்சல் நன்றாக அடங்கும். ஹாரன் அடங்காது. அதற்கு விடியற்காலையில் பதிவதுதான் ஒரே வழி.

கடைசியில் ஃபைல் பட்டியலில் எக்ஸ்போர்ட். வேவ் கோப்பாக எடுத்தால் ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி ஆகும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 1 எம்பி போதும். மூலப் பிரதியை வேவாக வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 எடுங்கள்.

நான்காம் படி: கை பழகியதும் ரீப்பர்

கூத்துக் குழுவைப் பதிய நினைத்தேன். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், அதன் மேல் கட்டியக்காரன் குரல். ஒவ்வொன்றும் தனித்தனி ட்ராக், ஒவ்வொன்றின் அளவையும் எப்போது வேண்டுமானாலும் மாற்ற வேண்டும். ஆடாசிட்டியில் முடியாது என்றில்லை, கை வலிக்கும். இந்த மாதிரி வேலைக்கு ரீப்பர்.

ரீப்பரை எழுதியவர் ஜஸ்டின் ஃபிராங்கெல், முன்பு வினாம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளைச் செய்தவர். 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அதற்குப் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். ரீப்பர் தானாக அதிகம் பேசாது. அதற்குப் பேச்சு கொடுப்பது ஓசாரா என்ற இலவசத் துணைநிரல். தொடங்கியவர் ஜேம்ஸ் டே, என்விடிஏவை வளர்த்தவர்களில் ஒருவர், பார்வையற்றவர். நமக்கு என்ன தேவை என்று தெரிந்தவர் எழுதியது என்பது பயன்படுத்தும்போதே புரியும். எந்த ட்ராக்கில் நிற்கிறோம், எது ஊமையாக இருக்கிறது, எது பதிவுக்குத் தயார் என்று கேட்காமலே சொல்லும்.

ரீப்பரை நிறுவி மூடிவிட்டு ஓசாராவை நிறுவுங்கள். நடுவே விசை வரைபடத்தை (எந்த விசை எதைச் செய்யும் என்ற பட்டியல்) மாற்றவா என்று கேட்கும், சம்மதியுங்கள். இல்லாவிட்டால் நான் கீழே சொல்லும் விசைகள் வேலை செய்யாது.

திறந்ததும் கண்ட்ரோல் பி (P) அழுத்தி அமைப்புகளில் ஆடியோ டிவைஸ் பகுதிக்குப் போங்கள். தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் வெளிப் பெட்டி) இல்லாதவர்கள் விண்டோஸின் ஒலி வழியான வாசாபி (WASAPI) என்பதையும், அதில் ஷேர்டு முறையையும் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்க்ளூசிவ் முறையைத் தொட்டால் ஒலி அட்டையை ரீப்பர் தனக்கு மட்டும் என்று பிடித்துக்கொள்ளும். என்விடிஏ பேச வழியில்லாமல் நின்றுவிடும். கணினி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அப்படி இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கண்ட்ரோல் டி (T) புது ட்ராக் போடும், பெயர் கேட்கும். "ஆர்மோனியம்" என்று எழுதி என்டர். பெயர் வைக்கச் சோம்பல் வேண்டாம், பத்து ட்ராக் ஆனபின் பெயர்தான் கண். எஃப் 7 அந்த ட்ராக்கைப் பதிவுக்குத் தயார் செய்யும். கண்ட்ரோல் ஆர் பதிவைத் தொடங்கும், ஸ்பேஸ் பார் நிறுத்தும். மேல் கீழ் அம்புக்குறியால் ட்ராக் மாறலாம். எஃப் 5 ஊமையாக்கும். எஃப் 6 அதை மட்டும் தனியாக ஒலிக்கவிடும். பி (P) விசை அந்த ட்ராக்கின் ஒலியளவு, அது இடது காதிலா வலது காதிலா முதலியவற்றை எண்களாகக் காட்டும். அதே வழியில் எஃபெக்டுகளின் (ஒலியை மாற்றும் துணைக் கருவிகள்) அளவுகளையும் மாற்றலாம். வெளியிலிருந்து வாங்கும் பல எஃபெக்டுகளின் முகப்பு வெறும் ஓவியமாக இருந்தாலும் இந்தப் பட்டியல் வழியாக உள்ளே போய்விட முடிகிறது. எனக்கு ரீப்பர் பிடித்துப்போனதே இதனால்தான்.

எந்த விசை என்ன செய்யும் என்று மறந்துவிட்டால் எஃப் 12. பிறகு எதைத் தட்டினாலும் அது என்ன என்று மட்டும் சொல்லும், செய்யாது. மறுபடி எஃப் 12 தட்டினால் பழைய நிலை. கண்ட்ரோல் எஸ் அடிக்கடி. நம் பக்கம் கரண்ட் போவதும் பழைய லேப்டாப்பில் பேட்டரி நிற்காததும் உங்களுக்கே தெரியும். எல்லாம் முடிந்ததும் கண்ட்ரோல், ஆல்ட், ஆர் அழுத்திக் கோப்பாக எடுங்கள்.

போனில் மட்டும் செய்ய வேண்டும் என்றால்

ஐபோன் இருப்பவர்களுக்குக் கேள்வியே இல்லை: காராஜ்பேண்ட். ஆப்பிள் இலவசமாகத் தருகிறது, வாய்ஸ்ஓவரோடு நன்றாக ஒத்துழைக்கும். வாய்ஸ்ஓவரை இயக்க, ஐபோனின் குரல் உதவியாளரான சிரியிடம் சொன்னாலே போதும். பேச்சு, பேட்டி போன்றவற்றை வெட்டி ஒட்ட ஃபெரைட் என்ற செயலியும் நல்லது.

ஆண்ட்ராய்டில் காராஜ்பேண்ட் கிடையாது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கை இயக்கி, போனோடு வந்த ரெக்கார்டரில் பதியுங்கள், கோப்பைக் கணினிக்கு அனுப்பி ஆடாசிட்டியில் வெட்டுங்கள். வேறு இசைச் செயலி எதையாவது போட ஆசைப்பட்டால், இரண்டாம் படியில் சொன்ன சோதனையை அதற்கும் வையுங்கள். பதியும்போது போனை ஏரோப்ளேன் முறையில் போட மறக்காதீர்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு லாஜிக் ப்ரோ என்ற இசை மென்பொருள் வாய்ஸ்ஓவரோடு நன்றாக நடக்கும். ஏபிள்டன் லைவ் என்ற இன்னொரு இசை மென்பொருள் 2024 இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து திரைவாசிப்பானுக்கு வழிவிட்டிருக்கிறது. கீபோர்டு தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஸ்வரக் குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் பாருங்கள். இலவசம், ஸ்வரக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டும், பிரெய்ல் வடிவிலும் தரும்.

பென்னாகரத்துத் தம்பி ஆடாசிட்டி போட்டான். நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு எம்பி3 வந்தது. அவன் பாட்டி பாடுகிறார், பின்னால் அவன் டோலக். இரண்டாவது அடியில் தாளம் ஒரு துளி பிந்துகிறது. போன் செய்து, "என்ன ஹெட்போன்டா போட்ட?" என்று கேட்டேன். "ப்ளூடூத்துண்ணா" என்றான்.