டிஜிட்டல் ஹாட்ஸ்பாட்டுக்கு அதிர்வெண் தேர்ந்தெடுத்து அமைப்பது எப்படி? புதிய ஹாம்களுக்கான செய்முறை

குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரின் எல்லைக்குள் வராத ஊர்களில் இருக்கும் ஹாம்களுக்கு, அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி மீது எம்எம்டிவிஎம் என்னும் டிஜிட்டல் ரேடியோ மோடம் பலகையைச் செருகி அமைக்கும் சிறிய ஹாட்ஸ்பாட் பெரிய வசதியாகும். நான் இருப்பது சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். கைக்கருவியிலிருந்து டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையில் புறப்படும் குரலை, வீட்டு மேசையிலுள்ள 10 மில்லிவாட் பெட்டி வாங்கி இணையம் வழியாக உலகெங்கும் கொண்டு சேர்க்கிறது. பெட்டியைப் பூட்டி மென்பொருளை ஏற்றுவது எளிய வேலைதான். புதியவர்கள் தடுமாறுவது, அதில் எந்த அதிர்வெண்ணை இடுவது என்ற இடத்தில்தான். ஆகவே இந்த விளக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதல் படி: எல்லையை அறிதல்

உரிமமும் அழைப்புக் குறியும் கைக்கு வந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். நம் நாட்டு அமெச்சூர் விதிகளின்படி 70 சென்டிமீட்டர் பட்டையில் நமக்கு உள்ள இடம் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே. வெளிநாட்டுக் காணொளிகள் பலவற்றில் 438.800 என்று இடுவார்கள். அது அவர்கள் நாட்டு உரிமத்துக்குள் அடங்கும், நம் உரிமத்துக்குள் அடங்காது.

நானும் முதலில் அந்தத் தவற்றைச் செய்தேன். 438 வரைதான் அனுமதி என்று தெரிந்ததும் ஒரு மெகாஹெர்ட்ஸைக் குறைத்து 437.800 என்று மாற்றினேன். மோடம் அதை ஏற்கவே இல்லை. பலகைதான் பழுது என்று எண்ணி, ஈரோட்டில் உள்ள மூத்த ஹாம் ஒருவரை அழைத்தேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, பலகை நல்லாத்தான் இருக்குதுங்க. நீங்க கேட்டது விண்வெளி நிலையம் பேசுற இடமுங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலுள்ள அமெச்சூர் ரிப்பீட்டர் பூமிக்கு அனுப்பும் அதிர்வெண் 437.800. அது மட்டுமன்று, 435 முதல் 438 வரையிலான பகுதி முழுவதும் அமெச்சூர் செயற்கைக்கோள்களுக்கானது. 2005-ல் இஸ்ரோ ஏவிய ஹாம்சாட் கூட, தரையிலிருந்து வரும் குரலை 435.220 முதல் 435.280 வரையிலான இடத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குறிப்பலையை யாகி ஆண்டெனாவை வானத்தில் திருப்பித் திருப்பிப் பிடிக்க முயலும் பக்கத்துத் தெரு நண்பருக்கு, நம் 10 மில்லிவாட்டே பெரும் இரைச்சலாகிவிடும். இதனால்தான் எம்எம்டிவிஎம் ஹாட்ஸ்பாட் பலகைகளின் ஃபர்ம்வேர் (பலகைக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்), இந்தப் பகுதியையும் செயற்கைக்கோள்களுக்கான 145.800 முதல் 146.000 வரையிலான பகுதியையும் இயல்பாகவே மறுத்துவிடுகிறது. அந்தத் தடையை நீக்கி ஃபர்ம்வேரைத் தொகுக்கும் வழியும் இருக்கிறது. தயவுசெய்து அதன் பக்கம் போகாதீர்கள்.

ஆக, நமக்கு எஞ்சுவது 434 முதல் 435 வரையிலான ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ். டிஎம்ஆர் ஓர் அலைவரிசைக்கு 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்வதால், கணக்குப்படி இதில் 80 அலைவரிசைகள் அடங்கும். ஆனால் ஓரங்களை விட்டுவிட வேண்டும். 434.000 என்று சரியாக இட்டால் குறிப்பலையின் பாதி, அதாவது 6.25 கிலோஹெர்ட்ஸ், எல்லைக்கு வெளியே சிந்தும்.

இரண்டாம் படி: காது கொடுத்துக் கேட்டல்

எந்த எண்ணையும் இடுவதற்கு முன் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். கைக்கருவியை எஃப்எம் முறையில் வைத்து, மெல்லிய ஒலியை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுவதும் திறந்து, 12.5 கிலோஹெர்ட்ஸ் வீதம் மேலே நகர்ந்து கேளுங்கள். கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சிறு ரேடியோ வாங்கி இருந்தால், திரையில் நீர்வீழ்ச்சிபோல் இறங்கும் படத்தில் முழு மெகாஹெர்ட்ஸையும் ஒரே பார்வையில் காணலாம்.

ஒரு வேளை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்துவிடாதீர்கள். நம் பகுதியில் விசைத்தறிக் கூடமும் நூற்பாலையும் பனியன் கம்பெனியும் வீட்டுக்கு அடுத்த சுவராகவே இருக்கும். மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களும் மலிவான எல்இடி விளக்குகளின் மின்சுற்றுகளும் எழுப்பும் இரைச்சல், ஆலை ஓடும் வேலைநாளில் ஒரு விதமாகவும் ஞாயிற்றுக்கிழமையில் வேறு விதமாகவும் இருக்கும். காலை ஷிஃப்ட், மாலை, விடுமுறை நாள் என மூன்று வேளை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை கதவு ரிமோட்டுகளும் வண்டிச் சாவிகளும். இவற்றில் மிகப் பல 433.92-ல் இயங்குகின்றன. வெளிநாட்டில் உரிமமின்றி விற்கப்படும் குறைசக்திக் கருவிகள் 434.79 வரையிலும் பரவியிருப்பதால், அவற்றில் சில நம் ஊருக்கும் வந்துசேர்ந்திருக்கக்கூடும். எனவே 434.80-க்கு மேலே, 435-ஐத் தொடாமல் இடம் தேடுவது என் வழக்கம். இங்கே எடுத்துக்காட்டாக 434.850-ஐ வைத்துக்கொள்வோம்.

அப்படித் தேர்ந்த எண்ணை அருகிலுள்ள ஹாம்களிடம் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஏதேனும் ரிப்பீட்டரின் உள்வாங்கும் அதிர்வெண் அதுவாக இருந்தால், தொலைவிலிருப்பவர்கள் அதற்கு அனுப்பும் அலை நம்மை எட்டாமல், நாம் நாள் முழுவதும் கேட்டாலும் அங்கே ஒன்றும் கேட்காமல் போகலாம்.

மூன்றாம் படி: பெட்டியில் இடுதல்

கணினி உலாவியில், ஹாட்ஸ்பாட்டை இயக்கும் மென்பொருளான பை-ஸ்டாரின் கான்ஃபிகரேஷன் பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோலர் முறையை சிம்ப்ளெக்ஸ் (வாங்கவும் அனுப்பவும் ஒரே அதிர்வெண்) என்று வையுங்கள். டூப்ளெக்ஸ் பலகைக்கு வாங்கவும் அனுப்பவும் நன்கு விலகிய இரண்டு அதிர்வெண்கள் தேவை. நமக்குக் கிடைத்திருக்கும் ஒற்றை மெகாஹெர்ட்ஸில் அது ஒழுங்காக அமைவது கடினம் என்பதால், தொடக்கநிலையில் இருப்பவர் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குவதில் பயனில்லை என்பது என் கருத்து.

அடுத்து அழைப்புக் குறியையும், இந்தியாவுக்கு 404 என்று தொடங்கும் ஏழு இலக்க டிஎம்ஆர் அடையாள எண்ணையும் இடுங்கள். ரேடியோ ஃப்ரீக்வென்சி கட்டத்தில் 434.850.000 என்று எழுதுங்கள். அந்தப் பக்கம் ஹெர்ட்ஸ் வரை எதிர்பார்ப்பதால், கடைசி மூன்று சுழியங்களை விட்டுவிட வேண்டாம். மோடம் வகை உங்கள் பலகைக்கு உரியதாகவும், கலர் கோடு (பெட்டியும் கைக்கருவியும் ஒன்றையொன்று அடையாளம் காணும் எண்) 1 ஆகவும் இருக்கட்டும். அப்ளை சேஞ்சஸ் பொத்தானை அழுத்திவிட்டு, பெட்டி மீண்டும் எழும்வரை பொறுத்திருங்கள். டிஎம்ஆர் ஹாம்களை இணையம் வழியாக இணைக்கும் பிராண்ட்மெய்ஸ்டர் வலையமைப்பில் இணைவதாக இருந்தால், அங்கே உங்கள் கணக்கில் அமைத்த ஹாட்ஸ்பாட் கடவுச்சொல்லையும் இங்கே தர வேண்டும்.

கைக்கருவியில் புதிய டிஜிட்டல் அலைவரிசை ஒன்றை உருவாக்கி, வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் அதே 434.850, கலர் கோடு 1, டைம் ஸ்லாட் (டிஎம்ஆர் அலைவரிசையைப் பகிரும் இரு நேரக் கூறுகளில் ஒன்று) 2 என்று அமையுங்கள். சக்தியைக் குறைந்த அளவில் வைப்பது கட்டாயம். ஐந்து வாட் கருவியைப் பெட்டியின் பக்கத்திலேயே வைத்துப் பேசினால், அதன் உள்வாங்கி திணறிவிடும். மூன்று மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

நான்காம் படி: ஆஃப்செட்

எல்லாம் சரியாக இட்டும் குரல் உடைந்து வந்தால், குற்றம் பெரும்பாலும் பலகையில் அதிர்வெண்ணை உண்டாக்கும் படிக அலையியற்றியில் இருக்கும். அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே, நம் பட்டையில் அது ஏறத்தாழ 435 ஹெர்ட்ஸ் விலகலாகிவிடும். டிஜிட்டல் முறைக்கு அது போதும், சொற்கள் தேய.

இதைச் சரிசெய்யச் சற்றுப் பொறுமை வேண்டும். ஐந்தாறு நொடி பேசிவிட்டு, டாஷ்போர்டில் உங்கள் பேச்சுக்கு எதிரே காட்டும் பிஇஆர், அதாவது பிட் பிழை விகிதத்தைப் பாருங்கள். எக்ஸ்பர்ட் பகுதியில் எம்எம்டிவிஎம்ஹோஸ்ட் என்பதைத் திறந்து, மோடம் தலைப்பின்கீழ் உள்ள ஆர்எக்ஸ் ஆஃப்செட்டை, அதாவது வாங்கும் அதிர்வெண்ணுக்கான திருத்த எண்ணை, 100 ஹெர்ட்ஸ் வீதம் மாற்றி, ஒவ்வொரு முறையும் மீண்டும் பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். பிழை ஒரு பக்கம் ஏறினால் எதிர்ப்பக்கம் செல்லுங்கள். இரு பக்கமும் பிழை ஏறத் தொடங்கும் புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவற்றின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்வதே நம்பகமான வழி. அங்கே பிழை ஒரு விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் போதும். இரண்டு திசைக்கும் அலையியற்றி ஒன்றே என்பதால், அனுப்புவதற்கான டிஎக்ஸ் ஆஃப்செட்டிலும் அதே எண்ணை இடலாம். பின்பு பிராண்ட்மெய்ஸ்டரில் 9990 என்ற எண்ணுக்குத் தனி அழைப்பு விடுத்துப் பேசினால், கிளிப்பிள்ளைபோல் உங்கள் குரலே திரும்ப வரும். அது தெளிவாக இருந்தால் இரு திசையும் சரி.

சித்திரை வெயிலில் ஓட்டுக்கொட்டகைக்குள் இருக்கும் பெட்டியில், மார்கழிக் காலையில் பார்த்த எண் சற்று நகர்ந்திருக்கலாம். அப்போது இந்தப் படியை மட்டும் மறுபடி செய்தால் போதும். பெட்டியோடு பொள்ளாச்சிக்கோ உதகைக்கோ போகிறீர்கள் என்றால், அங்கே இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.

அதிர்வெண்ணையும் ஆஃப்செட்டையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவையுங்கள். மெமரி கார்டு பழுதாகி எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற நேரும் நாளில், அரைமணி நேரம் மிச்சமாகும்.