காலண்டர் தாளில் மழலைப் பேச்சு: எழுதி வைக்கும் முறை

பிள்ளைகள் வாயில் வருகிற வேடிக்கைப் பேச்சு சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். மறக்காவிட்டால் இன்னும் மோசம்: பெரியவர்கள் திருத்தி, மெருகேற்றி, வேறு பேச்சாக்கிவிடுவார்கள். இதற்கென்று அழகான நோட்டு வாங்கினால் அது பீரோவுக்குள் போய்விடும். அடுப்படிப் பக்கம் ஆணியில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். தேதி அதிலேயே இருக்கிறது; தாளின் பின்புறம் பெரும்பாலும் காலி.

அதே ஆணியில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா வேண்டாம். சுவரோடு வைத்து எழுதினால் பால்பாயிண்ட் முனைக்கு மை இறங்காமல் சீக்கிரமே நின்றுபோகும். தாளும் மெல்லிசு, ஜெல் பேனா மறுபக்கம் ஊறும். நூல் ஒரு முழம் போதும். நீண்டால் பென்சில் சின்னவர் கைக்கு எட்டும். அப்புறம் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டியதுதான்.

பேச்சு காதில் விழுந்ததும், குக்கர் அடுத்த விசில் விடுவதற்குள், அன்றைய தாளின் ஓரத்தில் சொன்னது சொன்னபடி கிறுக்குங்கள். மறுநாள் காலை அதைக் கிழிக்கும்போது பின்புறம் மூன்று விஷயம் சேருங்கள்: சொன்னது யார், வயது எத்தனை வருடம் எத்தனை மாதம், அதற்கு முன்னால் யார் என்ன பேசினார்கள். கையில் கிழித்து வைத்திருக்கும் தாளில் இன்றையதை எழுதாதீர்கள். அது நேற்றைய தேதி.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். “என்னங்க, பால்! 2 வயது 4 மாதம்” என்று மட்டும் இருந்தால் ஐந்து வருடம் கழித்து யாருக்கும் சிரிப்பு வராது. “அம்மா அப்பாவிடம், ‘என்னங்க, கேஸ் தீர்ந்துபோச்சு.’ பின்னாலேயே டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவிடம், ‘என்னங்க, பால்!’” இப்படி இருக்க வேண்டும்.

பிழை திருத்தாதீர்கள். “நேத்து கடைக்குப் போலாமா?” என்றால் அப்படியே எழுதுங்கள்; நேத்தும் நாளைக்கும் இடம் மாறுகிற வயது அது. குதிரை ‘குதிலை’ ஆனால் குதிலைதான். அடையாளமே தெரியாத சொல்லுக்கு மட்டும் பக்கத்தில் சரியான சொல்லைப் போடலாம்.

ஆள் நிறைந்த வீட்டில் கேட்டவரே எழுதுவது நல்லது. பாட்டி கேட்டதைச் சித்தி எழுதினால் அதில் பாதி சித்தியின் பேச்சு. பாட்டிக்குக் கண் சரியில்லை என்றால் உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ் போடட்டும். அன்றிரவே தாளுக்கு மாற்றிவிடுங்கள். போன் மாற்றும்போது அது தொலைந்துபோகலாம்.

காரியத்தைக் கெடுப்பது ஒரே வாக்கியம்: “மாமாகிட்ட இன்னொரு தடவை சொல்லு.” பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அல்லது நடிக்கத் தொடங்கும். நடித்ததை எழுதாதீர்கள். அதே மாமாவைப் பார்த்து “இவரு எப்பப் போவாரு?” என்று கேட்டால் தாராளமாக எழுதலாம், குடும்ப குரூப்பில் மட்டும் போடாதீர்கள்.

தாள்களை மாதவாரியாக அடுக்கிப் பிஸ்கட் டின்னில் வையுங்கள். ரப்பர் பேண்ட் நாளடைவில் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும். நூலால் கட்டுங்கள். பேச்சில்லாத நாளின் தாள் மளிகை லிஸ்ட் எழுத ஆகும்.