ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு: சரி, எந்தப் பக்கமா?

அப்பா விட்டுட்டுப் போன அம்பாசடர் ஒண்ணு தக்கலையில எங்க வீட்டு முற்றத்துல நிக்குது. பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். போன இடவப்பாதி மழையில மிஸ்ஸிங் அடிச்சுது. பிளக் வயர் நாலையும் ஒரே மூச்சுல உருவிட்டேன். ஒண்ணைக் கழற்றி ஒண்ணை மாட்டியிருந்தா இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

புதுசு மாட்டி சாவியைத் திருப்பினா, வண்டி குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உதறுது. கார்புரேட்டர்ல பட்டு பட்டுன்னு சத்தம். பக்கத்து வீட்டு மாமா மதில் மேல எட்டிப் பாத்து, "மருமவனே, வெடிக்கெட்டுக்கு இன்னும் நாள் கெடக்கே?"ன்னாரு.

நாலு சிலிண்டர்லயும் தீப்பொறி 1-3-4-2ங்கிற வரிசையில விழணும்னு எனக்குத் தெரியும். அந்தப் பொறியை ஒவ்வொரு வயருக்கா பிரிச்சுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ரோட்டர் சுத்துற திசையைத்தான் மறந்துட்டேன். அம்பாசடர்ல டிஸ்ட்ரிபியூட்டரை மேலிருந்து பாத்தா ரோட்டர் இடப்பக்கமா, அதாவது கடிகார முள்ளுக்கு எதிரா சுத்தும். நான் கோயில் பிரகாரம் மாதிரி வலமா மாட்டிட்டேன். அப்படி மாட்டினா ஒண்ணும் நாலும் தன் இடத்துலயே விழும். ரெண்டும் மூணும் மட்டும் மாறும். ரெண்டு சிலிண்டர் மட்டும் வேலை செய்யும். அதான் அந்த உதறல்.

இனி ஒண்ணாம் நம்பர் வயரைக் கண்டுபிடிக்கிற விதம். ரேடியேட்டர் பக்கம் இருக்கிறதுதான் ஒண்ணாம் சிலிண்டர். சாவியை உருவிப் பையில போடுங்க, கியரை நியூட்ரல்ல வைங்க. பிளக் நாலையும் கழற்றிட்டா எஞ்சின் லேசா சுத்தும். ஒண்ணாம் பிளக் துளையில ஒரு ஆளை விரல் வைக்கச் சொல்லிட்டு, முன்னாடி ஹேண்டில் போட்டு வலமா பைய சுத்துங்க. காத்து விரலைத் தள்ளும்போது, எஞ்சின் முன்பக்கத்துப் புல்லியில இருக்கிற வெட்டு, அதுக்குப் பின்னால உள்ள டைமிங் கவர் முனைக்கு நேரா வர்ற வரைக்கும் சுத்தி நிறுத்துங்க. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தா ரோட்டர் எந்த முனையைப் பாக்குதோ, அதுதான் ஒண்ணு. அங்கிருந்து இடப்பக்கமா மூணு, நாலு, ரெண்டு. நடுத்துளை, மின்சாரம் கொண்டு வர்ற காயில் வயருக்கு.

விரலை விட்டுட்டு வெட்டை மட்டும் நம்பாதீங்க. ரோட்டர் ஒரு சுத்து சுத்த எஞ்சின் ரெண்டு சுத்து சுத்தணும். அதனால புகை வெளியேறுற நேரத்துலயும் அதே வெட்டு அதே இடத்துல வந்து நிக்கும். அப்போ ரோட்டர் நாலாம் நம்பரைத்தான் காட்டும். வயர் எல்லாம் தலைகீழாப் போயிரும்.

வேற வண்டின்னா திசையை மனப்பாடம் பண்ணாண்டாம். மூடியைத் திறந்து வச்சு ஹேண்டிலைச் சுத்தினா ரோட்டரே காட்டிக் கொடுக்கும். பழைய மாருதி 800-ல மூணு சிலிண்டர்தான், வரிசை 1-3-2.

மாட்டும்போது மூடிக்குள்ள முனைகளையும் பாருங்க. குளச்சல், முட்டம் பக்கம் ஓடுற வண்டியில உப்புக்காத்து பட்டுப் பூத்திருக்கும். சொரண்டிட்டு, ஈரமில்லாத துணியால தொடச்சு, வயர் 'டக்'குன்னு உக்காருற வரை அமுக்குங்க. ராத்திரி வெளிச்சத்தை அணைச்சுட்டு எஞ்சினை ஓட விட்டுப் பாத்தா, எந்த வயர்ல நீலமா தீப்பொறி கசியுதுன்னும் தெரியும். கை மட்டும் வைக்காதீங்க.

இப்போ எங்க வண்டி மூடியில ஒண்ணாம் துளை பக்கத்துல வீட்டுக்காரியோட நகப்பாலிஷ்ல ஒரு சிவப்புப் பொட்டு இருக்கு. பாட்டிலைக் கேட்டு வாங்கத்தான் கொஞ்சம் பாடு.