கருவுற்றிருக்கும்போது தொற்றுகள்: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

திருமணமாகிக் கணவரோடு கோலாலம்பூரில் குடியேறிய சில மாதங்களிலேயே கருவுறும் பெண்கள் நம்மவரில் பலர். வாடகை வீடு, வங்கிக் கணக்கு, விசா புதுப்பிப்பு என்று அலையும் நாள்களில் மகப்பேற்றுப் பதிவு தள்ளிப்போய்விடுகிறது. அதை 12 வாரங்களுக்குள் முடித்துவிடுவது நல்லது. 'கிளினிக் கெசிஹாத்தான்' எனப்படும் அரசாங்க கிளினிக்கில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல் என்பதால், அதை முன்கூட்டியே கேட்டறிந்து, தனியார் மருத்துவமனையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

தொடக்கத்தில் எடுக்கும் இரத்தத்தில் எச்.ஐ.வி., பால்வினை நோயான சிபிலிஸ், கல்லீரல் அழற்சி பி ஆகியவை சோதிக்கப்படும். "எனக்கு எதற்கு இந்தச் சோதனை?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, இது கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பொதுவானது. இவ்வாறு கண்டறிந்து சிகிச்சை அளித்ததால்தான், எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. சிபிலிஸ் பென்சிலின் ஊசிக்குக் கட்டுப்படும். கல்லீரல் அழற்சி பி உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்தவுடனேயே தடுப்பூசி போடப்படும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் ருபெல்லாவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே அரசின் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017இல்தான், 15 வயதுக்குட்பட்டவர்களுக்காகத் தொடங்கியது. அப்போது அந்த வயதைக் கடந்திருந்தவர்கள், தனியாரிடம் போட்டுக்கொண்டிருந்தால் ஒழிய, இத்தடுப்பூசி இல்லாமலே வளர்ந்திருப்பார்கள். தாய்க்கு இலேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்துபோகும் இந்நோய், கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்தால் கருவையும் தொற்றும் வாய்ப்பு 90 விழுக்காடு வரை உண்டு. குழந்தையின் கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். கருவுற்ற பின் இந்த ஊசியைப் போட முடியாது. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே எதிர்ப்புச் சக்தியைச் சோதித்து, தேவையானால் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கருவுறுவதே முறை.

சின்னம்மையை நம் வீடுகளில் நோய் என்று சொல்வதில்லை. அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுவதும் உண்டு. வேப்பிலை இருக்கட்டும், மருத்துவரும் வேண்டும். அம்மை கண்டவரோடு ஒரே அறையில் இருக்க நேர்ந்த கர்ப்பிணி, தமக்கு அது முன்பு வந்ததா என்பது உறுதியாகத் தெரியாவிட்டால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். எதிர்ப்புப் புரத ஊசி தேவைப்பட்டால் அதை 10 நாள்களுக்குள் போட வேண்டும். பிரசவத்தை ஒட்டி வரும் அம்மை பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதிகம் பேசப்படாத தொற்று சைட்டோமெகலோ வைரஸ். சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும் இது, வயிற்றிலுள்ள குழந்தையின் செவித்திறனைப் பறிக்கக்கூடும். மூத்த பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த சோற்றை வீணாக்க மனமின்றி வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் தாய்மார்களிடம் ஊறியது. இந்த ஒன்பது மாதமாவது அதை விட்டுவிடுங்கள். அணையாடை மாற்றிய பின் சோப்பால் கை கழுவுங்கள்.

பூனையைத் துரத்த வேண்டியதில்லை. அதன் கழிவில் வெளியேறும், கருவைத் தாக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி, தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால், மணல் பெட்டியைக் கணவர் அன்றாடம் சுத்தம் செய்தால் போதும். இறைச்சி நன்றாக வேக வேண்டும். கோப்பிக் கடையின் அரைவேக்காட்டு முட்டையையும் தள்ளிவையுங்கள். கறந்த பால் வாங்கினால், ஊரில் செய்வதுபோலப் பொங்கக் காய்ச்சினாலே, கருவுக்கு ஆபத்தான லிஸ்டீரியா கிருமி அழியும்.

இனி, கொசு. டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சல், இங்கே ஆண்டு முழுவதும் உண்டு; கருவின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் சிக்காவைப் பரப்புவதும் அதே ஏடிஸ் கொசுதான். சாமி மேடைச் செம்பு, மணிபிளான்ட் போத்தல், துணி காயவைக்கும் பால்கனியின் பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றின் நீரை வாரம் ஒருமுறையாவது மாற்றுங்கள். காய்ச்சல் கண்டால் மருந்தகத்தில் வலிமாத்திரை கேட்டு நிற்காதீர்கள். ஐபுபுரோபெனும் ஆஸ்பிரினும் டிங்கியில் இரத்தக்கசிவைக் கூட்டும். நேரே கிளினிக்குக்குப் போய், காய்ச்சலைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே மலாயில் 'சாயா மெங்காண்டோங்', அதாவது நான் கர்ப்பமாக இருக்கிறேன், என்று சொல்லிவிடுங்கள்.