நகரத்துக்குள் ஓட்டச் சின்ன கார்: எங்கே தப்பு செய்கிறோம்?

நகரத்துக்குள் ஓட்ட ஒரு சின்ன கார் போதும் என்று முடிவெடுப்பவர்களுக்கு அதற்கான காரணங்கள் நன்றாகவே தெரியும். பெட்ரோல் மிச்சமாகும், நிறுத்த இடம் கிடைக்கும், நெரிசலில் நுழைந்து வெளியே வரலாம், டயர் முதல் இன்ஷூரன்ஸ் வரை எல்லாம் கைக்கு அடக்கம். ஆனால் ஷோரூமுக்குள் கால் வைத்ததும் இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். "இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா..." என்று விற்பனையாளர் ஆரம்பிப்பார், நாமும் தலையாட்டுவோம். கடைசியில் வீட்டுக்கு வருவது நாம் தேடிப்போன காராக இருக்காது.

இதற்கெல்லாம் வேர் ஒன்றுதான். கார் வாங்கும்போது அன்றாடத்தை மறந்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை போகும் நெடும்பயணத்தை நினைத்துக்கொள்கிறோம். ஐந்து பேர், நான்கு பெட்டி, மலைப்பாதை என்று மனத்துக்குள் ஒரு படம் ஓடும். அந்த ஒரு வாரத்துக்காக மீதி 51 வாரமும் காலி இருக்கைகளைச் சுமந்துகொண்டு திரிவோம். வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள்: இன்று எத்தனை கிலோமீட்டர், வண்டியில் எத்தனை பேர், எங்கே நிறுத்தினேன். பலருடைய தாளில் ஒருவர் அல்லது இருவர் என்றுதான் வரும். நெடும்பயணத்துக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு அதே தாள் வேறு சேதி சொல்லும். தினமும் இரண்டு பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்று வண்டி நிறைய ஆட்களோடு போகிறவர், சிக்கனம் என்ற ஒரே சொல்லுக்காகச் சின்ன காரில் எல்லாரையும் அடைக்க வேண்டியதில்லை.

அடுத்தது மைலேஜ். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண் ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல் காரை ஓட்டி எடுத்தது. ஐரோப்பாவில் 2017-இல் நடைமுறைக்கு வந்த டபிள்யூஎல்டிபி சோதனை அதற்கு முன்பிருந்ததைவிடக் கறாரானது. ஆனாலும் அதில் கார் 30 நிமிடத்தில் 23 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டர் என்று ஆகிறது. ஏசியும் ஓடுவதில்லை. காலை நெரிசலில் உங்கள் சராசரி அதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். சிக்னலில் எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் மைலேஜ் பூஜ்யம். அந்த எண்ணை வைத்து ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிடலாம், ஆனால் மாதச் செலவுக் கணக்கு போட்டால் ஏமாற்றம்தான்.

நகரத்தில் எரிபொருள் எங்கே போகிறது என்பதையும் பலர் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் எதிரி காற்று. வேகம் 60-இலிருந்து 120 ஆனால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். நகரத்தில் அந்த வேகமே கிடையாது, அங்கே எதிரி எடை. ஒவ்வொரு சிக்னலிலும் நின்ற வண்டியைக் கிளப்பி 40-க்குக் கொண்டுபோகிறோம், அடுத்த சிக்னலில் பிரேக் போட்டு அந்த ஆற்றல் முழுவதையும் வெறும் சூடாக மாற்றித் தொலைக்கிறோம். 1,600 கிலோ வண்டிக்கு அந்த இழப்பு 800 கிலோ வண்டியின் இழப்பைப்போல் இரண்டு மடங்கு, ஒவ்வொரு முறையும். சின்ன கார் நகரத்தில் சிக்கனமாக இருப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். ஆகவே கண்ணாடிக் கூரை, பெரிய அலாய் வீல் என்று மேலே மேலே சேர்த்துக்கொண்டே போனால் எதற்காகச் சின்ன கார் வாங்கினோமோ அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறோம். பெரிய வீலுக்கு மாற்று டயரின் விலையும் கூடுதல். ஹைபிரிட் (எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ளவை), மின்சார கார்களின் கதை சற்று வேறு. பிரேக் போடும்போது போகிற ஆற்றலில் ஒரு பகுதியை அவை பேட்டரிக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஓரளவு எடை இருந்தும் நெரிசலில் அவை நல்ல பெயர் எடுப்பது அதனால்தான்.

மைலேஜ் கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது, நானே பல நாள் அதில் விழுந்து கிடந்தேன். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் காரை விட்டுவிட்டு 25 தரும் காரை எடுத்தால் பெரிய லாபம் என்று தோன்றும், ஐந்து கிலோமீட்டர் கூடுகிறதே! மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு முதல் காரில் 50 லிட்டர், இரண்டாவதில் 40 லிட்டர். மிச்சம் 10 லிட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் பழைய பெரிய வண்டியை விட்டு 12 தரும் வண்டிக்கு மாறுகிறவருக்கு மிச்சம் கிட்டத்தட்ட 17 லிட்டர், கூடியது வெறும் இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும். பெரிய வண்டியிலிருந்து சின்ன வண்டிக்கு இறங்குவதில்தான் உண்மையான மிச்சம் இருக்கிறது. இரண்டு சின்ன கார்களுக்கு இடையே ஒன்றிரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏறி இறங்க எது வசதி, சர்வீஸ் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள்.

எரிபொருள் வகையில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மைலேஜ் அதிகம் என்று ஒரு சின்ன டீசல் கார் வாங்கினேன். தினமும் ஆறு கிலோமீட்டர்தான் ஓட்டம். சில மாதங்களிலேயே டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டது என்றார்கள். புதிய டீசல் கார்களில் இந்த டிபிஎஃப் வடிகட்டி பிடித்த கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, புகை ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடாக வேண்டும். அதற்கு இடைவிடாமல் கொஞ்ச தூரம் வேகமாக ஓட வேண்டும். என் ஆறு கிலோமீட்டரில் எஞ்சினே சரியாகச் சூடாவதற்குள் வந்து சேர்ந்துவிடுவேன். வடிகட்டியைச் சுத்தம் செய்வதற்காக ஞாயிறுதோறும் எங்கும் போகாத ஒரு நெடும்பயணம் போய்வந்த கூத்தை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். குறைந்த தூரம், நிறுத்தி நிறுத்தி ஓட்டம் என்றால் டீசல் வேண்டாம். பெட்ரோல் காருக்கும் குட்டிப் பயணங்கள் நல்லதல்ல. குளிர்ந்த எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலும் சீக்கிரம் கெடும். அதனால் கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாமல், மாதக் கணக்கைப் பாருங்கள். வீட்டிலேயே சார்ஜ் போட இடமிருந்தால் இந்த மாதிரி ஓட்டத்துக்கு மின்சார கார் கச்சிதமாகப் பொருந்தும்.

கியர் விஷயத்தில் ஒரே வரி: தினமும் நெரிசலில் ஓட்டுகிறவர் கிளட்சை மிதிக்கும் இடது காலைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வகைகளில், மலிவான ஏஎம்டி கியர் மாறும்போது லேசாகக் குலுக்கும், படிப்படியான கியரே இல்லாத சிவிடி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் அளவு. சின்ன கார் என்றால் நீளம் குறைவு என்று மட்டும் பார்க்கிறோம். குறுகிய சந்திலும் கேட்டிலும் உயிரை எடுப்பது அகலம். கையேட்டில் போட்டிருக்கும் அகலம் பெரும்பாலும் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காதது, கண்ணாடியை விரித்தால் நிறையவே கூடும். திரும்பும் அளவிலும் குழப்பம் உண்டு. ஒருவர் ஆரத்தைப் போடுவார், இன்னொருவர் விட்டத்தைப் போடுவார். 4.8 மீட்டர் என்று ஒன்றிலும் 9.6 மீட்டர் என்று இன்னொன்றிலும் பார்த்துவிட்டு முதல் காரே மேல் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். ஜப்பானில் ‘கேய்’ என்ற வகைக்குச் சட்டமே அளவு வகுத்திருக்கிறது: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி, இவற்றைத் தாண்டக்கூடாது. அகலத்தையும் கட்டிப்போட்டதில்தான் அந்த விதியின் சூட்சுமம்.

வெளியே சின்னது என்றால் உள்ளேயும் நெருக்கடிதான் என்பதும் தப்புக் கணக்கு. 1956-இல் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதையடுத்து அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வந்த மினி மூன்று மீட்டர் நீளம்தான் இருந்தது, நான்கு பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார், சக்கரங்களைச் சின்னதாக்கி நான்கு மூலைகளுக்குத் தள்ளினார், அவ்வளவுதான். இன்றைய சின்ன கார்கள் பெரும்பாலும் அதே வழியில்தான் போகின்றன. அதனால் நீளத்தை மட்டும் பார்த்து ஒதுக்காமல், முன் இருக்கையை உங்களுக்கு ஏற்றபடி வைத்துவிட்டு அதன் பின்னாலேயே போய் உட்கார்ந்து பாருங்கள், முழங்கால் இடிக்கிறதா என்று.

பாதுகாப்பில் இரண்டு தரப்பும் தவறு செய்கிறது. சின்ன கார் தகர டப்பா என்று ஒரு கூட்டம், மோதல் சோதனையில் வாங்கிய நட்சத்திரம் இருக்கிறது, கவலை இல்லை என்று இன்னொரு கூட்டம். நட்சத்திரத்தைப் பார்க்கும்போது எந்த ஆண்டில் கொடுத்தது என்று பாருங்கள். ஃபியட் புன்டோ 2005-இல் ஐரோப்பாவின் கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பின் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது, 2017-இல் மறுபடி சோதித்தபோது கிடைத்தது பூஜ்யம். கார் தேய்ந்துபோகவில்லை, சோதனை அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. இன்னொன்று, பல முன்மோதல் சோதனைகளில் தெரிவது ஏறக்குறைய அதே எடையுள்ள வண்டியோடு மோதினால் என்ன ஆகும் என்பதுதான். சின்ன காரின் 5 நட்சத்திரமும் இரண்டு டன் வண்டியின் 5 நட்சத்திரமும் சமமல்ல. இரண்டும் நேருக்கு நேர் மோதினால் எடை குறைந்த வண்டிக்குத்தான் அடி அதிகம். நகரத்தின் வேகத்தில் இந்த ஆபத்து குறைவு என்பது உண்மை. இருந்தாலும் காசு மிச்சம் பிடிப்பதற்காக ஏர்பேக்கும், வண்டி சறுக்காமல் கட்டுக்குள் வைக்கும் ஈஎஸ்சியும் இல்லாத அடிமட்ட மாடலை எடுப்பதை நான் ஒப்பமாட்டேன். தொடுதிரை பத்தங்குலமாக இல்லாவிட்டால் குடி முழுகாது.

சில காரில் ஸ்டெப்னியே இருக்காது, பஞ்சர் ஒட்டும் பாட்டில் மட்டும் கொடுப்பார்கள். டிக்கியைத் திறந்து தரையைத் தூக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை கிலோ ஏற்றலாம் என்றும் கேளுங்கள். ஐந்து பெரியவர்கள் ஏறினாலே 350 கிலோ ஆகிவிடும், சில சின்ன கார்களுக்கு அதுவே எல்லைக்குப் பக்கம்.

கடைசியாக டெஸ்ட் டிரைவ். ஷோரூமைச் சுற்றிக் காலியான சாலையில் ஓட்டிக் காட்டுவார்கள். எல்லா காரும் அங்கே நன்றாகத்தான் ஓடும். சாயங்கால நெரிசலில், ஏசியைப் போட்டு, வீட்டு ஆட்கள் மூன்று பேரையாவது ஏற்றிக்கொண்டு, ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். பிறகு நேரே உங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்து, தினமும் நிறுத்தப்போகும் அதே இடத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து இறங்க முடிகிறதா என்று பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.