மாணவர் திட்டம்: ஏற்காட்டுக்கு வேன் பிடிக்கும் முன்

எங்கள் சேலம் சமுதாயக் கல்லூரியில் புது பேட்ச் வந்ததும், மாணவர்களே முன்னின்று நடத்தும் சேவைத் திட்டத்துக்கு யோசனை கேட்போம். ரத்த தானம், மரக்கன்று, ஏற்காட்டில் பிளாஸ்டிக் பொறுக்குவது, இந்த மூன்றும் உடனே வந்துவிடும். யோசனையில் குறையில்லை. நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். நேரத்துக்கு வராதது, பில்லைத் தொலைப்பது போன்றவை யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

குப்பையைச் சேர்த்தாச்சு, அப்புறம்?

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை வேன், தொப்பி, கையுறை, பேனர் எல்லாம் தயார். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகள் முதுகொடிய வேலை செய்வார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். தண்ணீர் பாட்டில், சிப்ஸ் கவர், உடைந்த மது பாட்டில் என்று மதியத்துக்குள் சாக்குகள் நிறைந்துவிடும். குரூப் போட்டோவும் எடுத்தாகிவிடும். சாக்குகளை எங்கே கொண்டுபோவது என்ற பேச்சு அப்போதுதான் வரும்.

ஒரு குழு, "பஞ்சாயத்து வண்டி வந்து எடுத்துக்குவாங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஒரு வளைவின் ஓரமாக அடுக்கி வைத்து இறங்கிவிட்டது. பஞ்சாயத்தில் யாரிடமும் சொல்லவில்லை, வண்டியும் வரவில்லை. அந்தப் பாதையில் குரங்குகள் எப்படி என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் பார்த்தால் சாக்கெல்லாம் கிழிந்து கிடந்தது. சாலையோரத்தில் கைக்கு எட்டிய குப்பை, இப்போது சரிவில் மரங்களுக்கு இடையே இறங்கியிருந்தது. திரும்ப வேன் வாடகை, ஒரு பையனுக்குக் கண்ணாடி கிழித்துத் தையல், வீட்டிலிருந்து எனக்கு வசவு.

தேதி குறிக்கும் முன்பே ஊராட்சியில் பேசுங்கள்: வண்டி எந்த நாள், எந்த இடத்தில் இறக்கலாம்? சாலையை விட்டு காட்டுக்குள் கால் வைப்பதாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். பாட்டிலைப் பழைய இரும்புக் கடைக்காரர் வாங்குவார். சிப்ஸ் கவரைத் தொடமாட்டார். அதனால் பொறுக்கும்போதே தனித்தனியாகப் போடுங்கள். கண்ணாடிக்குச் சாக்கு உதவாது, காலி பெயிண்ட் டப்பா எடுத்துப்போங்கள். இறக்கும் இடம் முடிவாகவில்லையா, வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ரத்த தானம்

பெயர் எழுதும்போதே கேளுங்கள்: 18 வயது முடிந்ததா, எடை 45 கிலோ இருக்கிறதா, காலையில் சாப்பிட்டார்களா? முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் நிறைய. ஹீமோகுளோபின் 12.5 கிராம் இல்லாமல் திரும்புகிறவர்களைக் கேலி செய்யவும் விடாதீர்கள்.

மரக்கன்று

மே மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் நடாதீர்கள்.

சிறப்பு விருந்தினர்

வேலை முடிந்த பிறகு கூப்பிடுங்கள்.

மூன்றாண்டுக் கனவு

சமுதாயக் கல்லூரியில் படிப்பே பெரும்பாலும் ஆறு மாதச் சான்றிதழ் அல்லது ஓராண்டு டிப்ளமோ. வகுப்பு முடிந்ததும் கொலுசுப் பட்டறைக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கலைக் கல்லூரியைப் பார்த்து மூன்றாண்டுத் திட்டம் போட்டால் தலைவரே நடுவில் படிப்பை முடித்துப் போய்விடுவார். இரண்டு மாதத்தில் முடிகிற ஒன்றை எடுங்கள். அதிலும் இரண்டாவது மாதமே அடுத்த பேட்சில் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்ப உதவி மேசை

என்னைக் கேட்டால் இதுதான் உருப்படியான திட்டம். செலவு ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு என்னென்ன வேண்டும், அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்குத் தகுதி இருக்கிறதா, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொன்னாலே பெரிய உதவி. ஆனால் உதவுகிற வேகத்தில் தோழிகளின் ஆதார் நகலைச் சேர்த்து வைப்பது, ஓடிபியைக் கேட்டு வாங்கித் தானே அடிப்பது இரண்டும் நடக்கிறது. போன் அவரவர் கையில் இருக்கட்டும், நகல் அன்றே திரும்பிப் போகட்டும்.