துணி கிளிப்பில் ஒரு காக்கா

பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லி முடித்ததும் காக்கா படத்துக்குக் கலர் அடிக்கச் சொல்வதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக வாய் திறக்கும் காக்கா செய்து பாருங்கள். கறுப்புத் தாளைப் பிள்ளைகளே கிழிக்கட்டும். கத்தரிக்கோல் வேண்டாம், கிழிப்பதே விரல்களுக்கு நல்ல பயிற்சி. துண்டுகளை அட்டையில் ஒட்டினால் இறகு. அலகு இருக்கும் இடத்தில் ஒரு துணி கிளிப். அவ்வளவுதான்.

வடைக்கு, பார்சல் அட்டையில் உள்ளங்கை அளவு வட்டம் வெட்டி, நடுவே ஓட்டை போடுங்கள். பசை தடவி ரவையைத் தூவினால் தொடும்போது நிஜ வடை மாதிரியே சொரசொரவென்று இருக்கும். (ஒன்றிரண்டு பேர் கடித்துப் பார்ப்பார்கள், பக்கத்திலேயே இருங்கள்.)

இனிதான் விளையாட்டு. நீங்கள் நரி. "ஒரு பாட்டுப் பாடேன்" என்றதும் கிளிப்பை அழுத்தினால் அலகு திறக்கும், வடை விழும். பேச்சு வராத பிள்ளையும் கதையில் தன் முறைக்குப் பதில் சொல்லிவிடும். 'கா' என்ற சத்தம் வந்தால் சரி, வராவிட்டாலும் சரி.

கிளிப் வாங்கும்போது ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்று அழுத்திப் பாருங்கள். புதுசு பெரும்பாலும் பிஞ்சு விரலுக்கு அசையாது. கொடியில் கிடந்து தளர்ந்த பழையதே தோது. பசை கையில் பட்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்கு இரட்டைப் பக்க டேப் கொடுங்கள். அட்டை நழுவினால் மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.